நார்ஃபோக் கரையில் இலையுதிர்கால வலசை: கொண்டல் அடித்தும் புதர்கள் வெறுமையாக இருப்பது ஏன்?

நார்விச்_புதியவன் — அக்டோபர் 11, இரவு

அனைவருக்கும் வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளில் பறவை பார்த்துப் பழகியவன் நான். வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தின் நார்விச் நகருக்குக் குடிவந்த பிறகு, இம்மாவட்டப் பறவையாளர்கள் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருப்பது செப்டம்பரையும் அக்டோபரையும்தான் என்று தெரிந்துகொண்டேன். கொண்டல் எனும் கிழக்குக் காற்று அடித்தால் வடகடலைத் தாண்டிப் பறவைகள் வந்து இறங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த வாரம் முழுவதும் காற்று கிழக்கிலிருந்துதான் வீசியது. வானமும் பளிச்சென்று இருந்தது. ஆனால் வெல்ஸ் பைன் காட்டிலும் பர்னம் ஓவரி மணல்மேட்டிலும் நாள் முழுவதும் சுற்றியும் சில ராபின்களையும் உள்ளூர்ச் சிட்டுகளையும் தவிர வேறெதுவும் அகப்படவில்லை.

என் ஐயங்கள் இரண்டு. கொண்டல் அடித்தும் பறவைகள் ஏன் இறங்கவில்லை? சைபீரியாவிலிருந்து இங்கே வருவனவற்றை வழிதவறியவை என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? இங்கு நெடுநாள் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிளே_சதுப்பு — அக்டோபர் 11, இரவு

வணக்கம் தம்பி. வானம் பளிச்சென்று இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. கொண்டல் பறவையைக் கொண்டுவரும்; அதைத் தரையிறக்குவது மேகமும் மழையும். இரண்டும் ஒரே நாளில் கூடாவிட்டால், காற்று எத்தனை நாள் கிழக்கிலிருந்து அடித்தாலும் புதரில் ஒன்றும் இருக்காது.

கடலுக்கு அப்பால் நடப்பதிலிருந்து பார்க்க வேண்டும். நார்வே, ஸ்வீடன், டென்மார்க் ஆகிய நாடுகளில் கோடையைக் கழித்த சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை போகின்றன. ஸ்காண்டிநேவியாவின் மேல் உயர் காற்றழுத்தம் நிலைகொண்டு, வானம் தெளிந்து, காற்று அடங்கியிருக்கும் மாலைகளில் அவை பெருந்திரளாகப் புறப்படுகின்றன. அவற்றின் இலக்கு நார்ஃபோக் அன்று. ஐரோப்பாவின் மேற்குக் கரையை ஒட்டித் தென்மேற்காகப் பறந்து, பிரான்ஸ், ஸ்பெயின் வழியாகச் சில ஆப்பிரிக்காவுக்கும் சில மத்தியதரைக் கடற்பகுதிக்கும் செல்ல வேண்டியவை அவை. இடையில் தென்கிழக்குக் காற்று பக்கவாட்டில் தள்ளினால் அவை வடகடலின் மேல் வந்துவிடுகின்றன. அங்கே மழைப்பட்டை ஒன்று குறுக்கிட்டு, விண்மீன்களும் கரையும் மறைந்துவிட்டால், கண்ணுக்குப் படும் முதல் நிலத்தில் இறங்குவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நம் மாவட்டத்தின் கரைதான் பல வேளைகளில் அந்த முதல் நிலம்.

வானம் தெளிந்திருக்கும்போது இந்தக் கட்டாயம் இல்லை. தள்ளப்பட்ட பறவைகள் உயரத்திலேயே கரையைக் கடந்து, உள்நாட்டுத் தோப்புகளிலும் வேலிகளிலும் பரவலாக இறங்கிவிடும். நம் தலைக்கு மேலேயே போயிருக்கும், நமக்குத் தெரியாது.

நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். டென்மார்க்கின் மேற்குக் கரையிலிருந்து நம் வடகரையின் குரோமர் ஊருக்கு நேர்கோட்டிலேயே 500 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. சிறு பறவை தன் சொந்த வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 40 கி.மீ. பறக்கும் என்று கொண்டால், மாலை இருட்டிய பின் கிளம்பியது விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் இங்கே வந்து சேரும். ஆகவே காலை எட்டு மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும் புதர் பதினொரு மணிக்கு மேல் நிரம்பிவிடுவது இங்கே வழக்கம். விடியலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஒன்றும் இல்லை என்று ஒன்பது மணிக்கே காரைக் கிளப்புபவர்கள் சரியான நாளில் வந்து தவறான நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள்.

இந்தக் கரைகளில் இன்றும் பேசப்படும் பேரிறக்கம் 1965 செப்டம்பர் 3 அன்று நிகழ்ந்தது. அதன் மையம் தெற்கே சஃபோக் மாவட்டத்துக் கரை. தென்கிழக்குக் காற்றோடு வந்தவை மழையில் சிக்கி, ரெட்ஸ்டார்ட், வீட்டியர், ஈபிடிப்பான், கதிர்க்குருவி என ஆயிரக்கணக்கில் தரையெங்கும் இறங்கின. காற்றும் மழையும் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

வாஷ்_ஓதம் — அக்டோபர் 12, காலை

புதர்கள் வெறுமை என்பதால் மாவட்டமே வெறுமை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கிங்ஸ் லின் பக்கம் ஒருமுறை வாருங்கள். ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் குஞ்சு பொரித்த இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் செப்டம்பர் நடுவிலிருந்தே வந்துகொண்டிருக்கின்றன. இரவில் வாஷ் குடாவின் சேற்றிலும் ஹோல்கம் பக்கத்துச் சதுப்பிலும் தங்கும். விடியலில் வரிசை வரிசையாக வயல்களுக்குப் பறக்கும். அவை சர்க்கரை எடுப்பதற்காகப் பயிரிடும் பீட் கிழங்கு வயல்கள். அறுவடை முடிந்து வயலில் விடப்படும் பீட் தலைகளும் இலைகளும்தான் அவற்றின் உணவு. உழவர் அறுவடை முடிந்தவுடன் உழுதுவிட்டால் அந்த வயல் வாத்துகளுக்குப் பயன்படாது. சில வாரம் விட்டுவைத்தால் ஆயிரக்கணக்கில் மேயும்.

சைபீரியாவின் டைமிர் தீபகற்பத்திலிருந்து வரும் கரும்வயிற்று பிரென்ட் வாத்துகளும் இப்போது கூடிக்கொண்டிருக்கின்றன. பெரிய ஓதநாள் விடியலில் வாஷ் குடாவின் கரையிலுள்ள ஸ்னெட்டிஷமுக்குச் சென்றால், நீர் ஏற ஏறச் சேற்றுவெளி சுருங்கி, நாட் எனும் கரைப்பறவைகள் பல்லாயிரக்கணக்கில் எழுந்து, கரைக்குப் பின்னாலுள்ள பழைய சரளைக்கல் குழிகளின் திட்டுகளில் தோளோடு தோள் நெருங்கி நிற்பதைக் காணலாம். இதற்குக் கொண்டலும் வேண்டாம், மழையும் வேண்டாம். ஓத அட்டவணை ஒன்றே போதும்.

நார்விச்_புதியவன் — அக்டோபர் 12, மாலை

கிளே அம்மாவுக்கும் வாஷ் அக்காவுக்கும் நன்றி. இனி வானிலை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஆனால் சரியான நாள் வாய்த்தால் எங்கே நிற்பது? ஹன்ஸ்டன்டனிலிருந்து வின்டர்டன் வரை கரை நெடுகப் பெயர்கள் கேட்கிறேன். எல்லா இடங்களுக்கும் ஓட முடியாது. சைபீரியாவிலிருந்து வரும் மஞ்சள்புருவக் கதிர்க்குருவியை எப்படித் தேடுவது என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

கிளே_சதுப்பு — அக்டோபர் 12, இரவு

எல்லா இடங்களுக்கும் ஓடக் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கேயே மெதுவாக நடந்து, ஒரே புதரை இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பவருக்குத்தான் வந்திறங்கும் பறவை அகப்படும். அலைபேசியில் செய்தி வரும் இடத்துக்கெல்லாம் விரைபவர் மற்றவர் கண்டதைக் காண்கிறார், வலசையைக் காண்பதில்லை. நான் இதை வலியுறுத்தியே சொல்வேன், ஏனெனில் செய்தி பெருகப் பெருக, கரையில் செய்தி வராத பகுதிகளைப் பார்க்க ஆளில்லாமல் போகிறது.

முதலில் பிளேக்னி முனை. கிளே கடற்கரையிலிருந்து மேற்கே கடலுக்குள் நீளும் கூழாங்கல் திட்டு அது. 1912 முதல் நேஷனல் டிரஸ்ட் பொறுப்பில் இருக்கிறது. அங்கே மரம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. நம்மூர் உமரியின் உறவான சுவேடா புதர்கள்தான் நெடுக இருக்கின்றன. ஒதுங்குவதற்கு வேறு இடமில்லாததால், வந்திறங்கிய பறவை கண்ணுக்கு அகப்பட்டே தீர வேண்டும். ஆனால் காலடிக்குக் காலடி புதையும் கூழாங்கல்லில் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். திரும்பும் வழியையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கிளம்புங்கள். அக்டோபர் இறுதியிலிருந்து சாம்பல் கடல்நாய்கள் அங்கே குட்டி போடத் தொடங்கும். முனையின் மேற்குப் பகுதிக்குள் அப்போது போகக் கூடாது.

வெல்ஸ், ஹோல்கம் பைன் காடு இதற்கு நேர்மாறு. மணல்மேட்டைக் காக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்ட காடு அது. பறவை ஒளிந்துகொள்ள ஏராளமான இடம் உண்டு. ஆகவே இறங்கிய அன்றே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், அவை நாள்கணக்கில் தங்கும். பிர்ச், சிக்கமோர் மரங்கள் நிற்கும் பள்ளங்களில் நீளவால் டிட் கூட்டம் வருகிறதா என்று பாருங்கள். வலசை வந்த கதிர்க்குருவிகள் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு மேயும். சிக்கமோர் இலையின் அடியில் அசுவினி மொய்க்கும். மற்ற மரங்களை விட்டு அதையே அவை சுற்றுவது அதனால்தான்.

மஞ்சள்புருவத்தைத் தேடுவது காதால். மேல்நோக்கி வளைந்து முடியும் 'ட்ஸ்வீ' என்ற கூரிய ஒலி. காலையில் கேட்ட மரத்தை விட்டு நகராமல் காத்திருங்கள். எடை ஏறக்குறைய ஆறு கிராம். பச்சை முதுகு, வெண்மையான வயிறு, கண்ணுக்கு மேல் அலகிலிருந்து பிடரி வரை நீளும் வெளிர்மஞ்சள் பட்டை. இறக்கையில் இரண்டு வெளிர்க் கோடுகள் இருக்கும். கீழ்க்கோடு அகலமாகவும் அதன் ஓரம் கருமையாகவும் இருக்கும். இலைக்குக் கீழே ஒரு நொடி சிறகடித்து நின்று பூச்சியைக் கொத்திவிட்டு உடனே மறைந்துவிடும். ஒருகாலத்தில் பெரும் அரிதாக இருந்த இப்பறவை இன்று ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் இக்கரைக்கு வருகிறது.

அதன் நெருங்கிய உறவான பல்லாஸ் கதிர்க்குருவி பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவானதும் கிளேயில்தான்: 1896 அக்டோபர் 31. அக்கால வழக்கப்படி அதைச் சுட்டுத்தான் அடையாளம் கண்டார்கள். அதே சதுப்பு நிலத்தை முப்பது ஆண்டு கழித்து, 1926இல், பறவைகளுக்காகவே வாங்கி, நாட்டின் முதல் மாவட்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையையும் தொடங்கினார்கள். துப்பாக்கியோடு வந்த தலைமுறைக்கும் இருநோக்கியோடு வந்த தலைமுறைக்கும் இடையே அவ்வளவு குறைந்த காலமே கழிந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஷெரிங்கம்_கடல்நோக்கி — அக்டோபர் 13, காலை

கிளே அம்மையார் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இழை முழுவதும் கொண்டலைப் பற்றியே போகிறது. இந்த மாவட்டத்தின் வடகரைக்கு நேர் வடக்கே ஆர்க்டிக் வரை பெருநிலம் எதுவும் இல்லை. வாடைக்காற்று புயலாக வீசும் நாளில் புதர்களை மறந்துவிட்டு ஷெரிங்கம் கரைத்தெருவின் மறைப்பில் உட்காருங்கள். பெருங்கடலில் இருக்க வேண்டிய பறவைகள் குறுகிக்கொண்டே வரும் வடகடலின் தென்பகுதிக்குள் தள்ளப்பட்டு, வெளியேற வழி தேடிக் கரையை ஒட்டிப் பறக்கும். செப்டம்பரில் கடப்பவை, தென் அட்லாண்டிக் தீவுகளில் இனப்பெருக்கம் செய்யும் கரும்பழுப்பு ஷியர்வாட்டர், ஆர்க்டிக் ஸ்குவா, வாய்ப்பிருந்தால் நீளவால் ஸ்குவா. அக்டோபரில் பாமரைன் ஸ்குவா. நவம்பரில் அலை உச்சிகளுக்கிடையே முட்டிமோதிப் பறக்கும் லிட்டில் ஆக்.

பெரிய ஸ்குவாவைப் பற்றி ஒரு கவலையும் உண்டு. 2021, 2022 ஆண்டுகளின் பறவைக் காய்ச்சல் ஸ்காட்லாந்தில் அவற்றின் இனப்பெருக்க இடங்களைச் சூறையாடிவிட்டது. கடலைப் பார்த்து உட்காருபவர்கள் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை கடந்தன என்று எழுதி வைத்தால்தான் அவை மீள்கின்றனவா என்று தெரியும். ஒன்றுகூடக் கடக்காத மணிகளையும் எழுதுங்கள்.

வளையப்_பயிற்சி — அக்டோபர் 13, இரவு

புதியவரின் இரண்டாம் கேள்வியை யாரும் தொடவில்லை. பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் பயிற்சியில் இருப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே வந்திறங்கும் பறவைகளை ஒரே வகையாகப் பார்க்கக் கூடாது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் ரெட்ஸ்டார்ட், ஈபிடிப்பான் போன்றவை காற்றால் பக்கவாட்டில் தள்ளப்பட்டவை. திசையறிவு சரியாகவே இருக்கிறது, காற்றடங்கினால் பயணத்தைத் தொடர்ந்துவிடும். கோல்ட்கிரெஸ்ட், ரெட்விங், கருங்குருவி ஆகியவற்றில் பெரும்பகுதி தள்ளப்பட்டவையே அல்ல; பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழிப்பதற்காகவே கடலைக் கடந்து வருகின்றன. ஐந்தாறு கிராமே எடையுள்ள கோல்ட்கிரெஸ்ட் இந்தக் கடலைக் கடக்கும் என்பதை நம்ப முடியாமல், உட்காக் பறவையின் முதுகில் ஏறி வருகிறது என்று அக்காலத்தில் சொல்லி வந்தார்கள்.

மூன்றாவது வகைதான் உங்கள் கேள்விக்குரியது. மஞ்சள்புருவம் உரால் மலைத்தொடரை ஒட்டியும் அதற்குக் கிழக்கேயும் குஞ்சு பொரித்துத் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டிய பறவை. இங்கு வருவது ஏறக்குறைய எதிர்த்திசை. பிறவியிலேயே திசைக்குறிப்பு மாறிப்போன இளம்பறவைகள் இவை, ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில் கடலில் விழுந்து மடியும் என்பதே நெடுங்காலக் கருத்து. ஆனால் ஆண்டுதோறும் இத்தனை எண்ணிக்கையில் வருவதைத் தவறு என்ற ஒரே காரணத்தால் விளக்கிவிட முடியுமா என்ற ஐயம் வலுத்துவருகிறது. ரிச்சர்ட்ஸ் நெட்டைக்காலி பற்றி 2021இல் வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. அதுவும் சைபீரியப் பறவைதான், தெற்காசியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் வலசை போவது. தென்பிரான்சில் குளிர்காலத்தில் பிடித்து அடையாளமிடப்பட்டவை சைபீரியாவுக்குத் திரும்பி, அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் தென்பிரான்சுக்கே வந்தன. வழிதவறியது மறுஆண்டும் அதே இடத்துக்கு வராது. புதிய வலசைப்பாதை ஒன்று நம் காலத்திலேயே உருவாகிக்கொண்டிருக்கிறது என்றே அதற்குப் பொருள். மஞ்சள்புருவத்துக்கும் இது பொருந்துமா என்பதற்கு அத்தகைய நேரடிச் சான்று வேண்டும். இருந்தாலும் அதை இறப்பதற்காக வரும் பறவை என்று இனி எழுதுவது முறையன்று என்பது என் எண்ணம்.

பழவேற்காடு_நோக்கர் — அக்டோபர் 14, காலை

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். வளையப்_பயிற்சி ஐயா சொன்னதைத் தலைகீழாக வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. பிளைத் நாணல் கதிர்க்குருவி எங்களுக்கு அன்றாடப் பறவை. செப்டம்பர் முதல் வெயில் காலம் வரை, எங்கள் தெரு வேலிக்காத்தானிலும் கொல்லைப்புறக் கறிவேப்பிலையிலும் காலை முழுவதும் 'டக்... டக்' என்று கல்லைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். உருவம் எளிதில் வெளியே தெரியாது. பச்சைக் கதிர்க்குருவியும் அப்படியே. களக்காடு முண்டந்துறைக் காடுகளில் அது தனக்கென்று சில மரங்களை எல்லையாக வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் மற்றவற்றை விரட்டுவதை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள்.

இவ்விரண்டுமே உங்கள் மாவட்டத்தில் இலையுதிர்கால அரிய விருந்தினர் என்று படித்திருக்கிறேன். பின்லாந்திலிருந்து தென்கிழக்காகப் பறந்து எங்களிடம் வர வேண்டியது மேற்கே நார்ஃபோக்குக்கு வருவதும் அந்தப் புதிய பாதைக் கணக்கில் சேருமா? அங்கே அதை எப்படி அடையாளம் காண்கிறீர்கள்? இங்கே குரலை வைத்தே முடித்துவிடுவோம்.

கிளே_சதுப்பு — அக்டோபர் 14, இரவு

பழவேற்காட்டு அன்பரின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்தப் பறவையின் குளிர்கால வாழ்க்கை இங்குள்ள பெரும்பாலோருக்குத் தெரியாது. உங்களுக்கு அது வாசற்பறவை.

பிளைத் கதிர்க்குருவி கடந்த நூற்றாண்டில் பின்லாந்திலும் பால்டிக் பகுதியிலும் மேற்கு நோக்கிப் பரவியது. இனப்பெருக்க எல்லை நம் பக்கம் நகர நகர, இங்கே வருபவையும் கூடுவது எதிர்பார்க்கத்தக்கதே. எனவே இதில் புதிய பாதையைவிட, பரவிய எல்லையும் திசைமாறிய இளம்பறவைகளும் கொண்டலும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று கருதுகிறேன். பச்சைக் கதிர்க்குருவி ஆகஸ்ட் இறுதியில் தென்கிழக்குக் காற்றோடு வரும். பிளைத் செப்டம்பர், அக்டோபரில்.

அடையாளத்தில் எங்களுக்குள்ள இடர் உங்களுக்கு இல்லை. இங்கே நாணற்காட்டில் ஏராளமாக வாழும் ஐரோப்பிய நாணல் கதிர்க்குருவியும் அதே தோற்றமுடையது. பிளைத் சற்று மங்கிய, செம்மை கலவாத பழுப்பு. கண்ணுக்கு முன்னால் வெளிர்க்கீற்று தெளிவாக இருக்கும். இறக்கை குட்டை, மடித்தபோது முனைச்சிறகுகள் வெளியே நீள்வது குறைவு. தலையையும் வாலையும் மேலே தூக்கி வில்போல் வளைந்து அமரும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்தால், அரிய பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் மாவட்டப் பதிவுக்குழு ஏற்காது, ஏற்கவும் கூடாது. நீங்கள் சொன்ன 'டக்' ஒலி இருந்தால் வழக்கு வலுப்பெறும். ஆகவே அலைபேசியில் ஒலிப்பதிவு செய்து வைப்பது எந்த ஒளிப்படத்தைவிடவும் உதவும்.

இரவொலி — அக்டோபர் 15, காலை

அலைபேசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதிவு செய்வதற்கு அதைப் பயன்படுத்துங்கள். பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிக்க விடாதீர்கள். இரவெல்லாம் கடலைக் கடந்து உடற்கொழுப்பு முழுவதும் தீர்ந்து வந்திறங்கிய பறவைக்குப் பகல் முழுவதும் தின்பதுதான் உயிர் பிழைக்கும் வழி. பதினைந்து பேர் புதரைச் சூழ்ந்துகொண்டு அதை ஓட ஓட விரட்டினால் அந்த வழியை நாம் அடைக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு கிராமத்து எல்லையில், வேலியைத் தாண்டி விதைத்த வயலில் மிதித்தவர்களால், நெடுங்காலமாக நம்மை அனுமதித்து வந்த நில உரிமையாளர் பாதையையே அடைத்துவிட்டார். இழப்பு நம் எல்லோருக்கும்தான்.

இதற்கு நேர்மாறான முன்னுதாரணமும் இம்மாவட்டத்தில் உண்டு. 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளே கிராமத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு அமெரிக்காவின் வெண்முடிச் சிட்டு வந்து தங்கியது. பார்க்க வந்தவர்கள் ஒழுங்காக நின்று பார்த்துவிட்டு ஊர்த் தேவாலயப் பராமரிப்புக்கு நன்கொடை அளித்தார்கள். 6,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அச்சிட்டின் உருவம் இன்று அத்தேவாலயத்தின் சன்னல் கண்ணாடியில் இருக்கிறது.

கரைக்குப் போக இயலாதவர்களுக்கு: இவ்வாரம் இரவில் சன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள். நார்விச் நகருக்கு மேலேயே ரெட்விங் 'ஸீ...ப்' என்று மெல்லிய நீண்ட ஒலியெழுப்பிக்கொண்டு கடக்கும். மேகம் தாழ்ந்த இரவில் ஒலி இன்னும் நெருக்கமாகக் கேட்கும்.

நார்விச்_புதியவன் — அக்டோபர் 17, இரவு

கிளே அம்மா சொன்னபடி வரைபடத்தைப் பார்த்தேன். நேற்று மாலை டென்மார்க்கின் மேல் தெளிவான வானம். இன்று காலை நம் கரைக்குத் தென்கிழக்குக் காற்றும் மழையும் என்று காட்டியது. பிளேக்னி முனைக்குக் கிளம்பினேன். ஒன்பது மணி வரை சுவேடா புதர்களில் ஒரு ரென் தவிர எதுவும் இல்லை. மழை பிடித்து, பத்தரை மணியைத் தாண்டியதும் நிலைமை மாறியது.

முதலில் கோல்ட்கிரெஸ்ட்டுகள். மரத்தின் உச்சியில் பார்க்க வேண்டிய பறவை, என் காலடியில் கூழாங்கற்களுக்கு இடையே ஒதுங்கிக் கிடந்த காய்ந்த கடற்பாசியில் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. உச்சந்தலையின் மஞ்சள் கீற்றில் மழைத்துளி நிற்பது இருநோக்கி இல்லாமலே தெரிந்தது. நான் அசையாமல் நின்றதால் காலணியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பிறகு ராபின்கள், பாடும் பூங்குருவிகள், ரெட்விங்குகள் கடற்பக்கமிருந்து தாழப் பறந்து வந்து நேரே புதருக்குள் விழுந்தன. வெண்பிறை மார்புள்ள ரிங் ஊஸல் பறவை ஒன்று. கறுப்பு ரெட்ஸ்டார்ட் ஒன்று, கரையொதுங்கிய மரக்கட்டையில் அமர்ந்து வாலை அதிரவைத்துக்கொண்டிருந்தது. மஞ்சள்புருவம் இரண்டு முறை குரல் கொடுத்தது. ஒருமுறை நன்றாகவே காட்சியளித்தது.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நாணல் கதிர்க்குருவி வகைப் பறவை ஒன்று சுவேடாவின் அடியில் ஒளிந்து ஒளிந்து வந்தது. நிறம் மங்கலாக இருந்தது; ஊரில் கேட்டுப் பழகிய அதே 'டக்' என்று எனக்குப் பட்டது. காற்றிரைச்சலில் ஒலிப்பதிவு சரியாக வரவில்லை. எடுத்த படங்களில் இறக்கை பாதிதான் தெரிகிறது. இதை என்ன செய்வது?

கிளே_சதுப்பு — அக்டோபர் 17, நள்ளிரவு

தம்பி, உங்கள் குறிப்பைப் படித்து மகிழ்ந்தேன். ஒன்பது மணிக்குத் திரும்பாமல் நின்றீர்களே, அதுதான் வேண்டும்.

அந்தக் கதிர்க்குருவியைப் பொறுத்தவரை, இன்றிரவே, எந்த நூலையும் திறப்பதற்கு முன், கண்டதையும் கேட்டதையும் அப்படியே எழுதிவிடுங்கள்: எத்தனை தொலைவு, எவ்வளவு நேரம், ஒளி எந்தப் பக்கம், எத்தனை முறை குரல் கொடுத்தது. நூலைப் பார்த்த பிறகு எழுதினால் காணாததையும் கண்டதாக மனம் சேர்த்துவிடும். ஒலிப்பதிவு மோசமானாலும் அழிக்க வேண்டாம். இரைச்சலைக் குறைத்து ஒலிவரைபடமாகப் பார்த்தால் அந்த 'டக்' ஒலி தெரியக்கூடும். இரவொலி அன்பர் இதில் தேர்ந்தவர். எல்லாவற்றையும் சேர்த்து மாவட்டப் பதிவாளருக்கு அனுப்புங்கள். இருக்கும் சான்றைப் பார்த்தால், இனம் உறுதிசெய்யப்படாத நாணல் கதிர்க்குருவி என்றுதான் நிற்கும் என நினைக்கிறேன். ஒரு குளிர்காலம் முழுவதும் கேட்ட காது உங்களுடையது என்பதால் உங்கள் சொல்லை நான் மதிக்கிறேன். ஆனால் பதிவேட்டை நம்மை அறியாதவரும் படிப்பார்.

அதைவிட முக்கியமானது மற்ற பறவைகளின் எண்ணிக்கை. தெட்ஃபோர்டில் இயங்கும் பிரிட்டன் பறவையியல் அறக்கட்டளையான பி.டி.ஓ.வின், பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் பேர்ட்டிராக் தளத்தில் இன்றைய முழுப்பட்டியலையும் ஏற்றுங்கள். கோல்ட்கிரெஸ்ட் எத்தனை, ராபின் எத்தனை, மழைக்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று பிரித்தே எழுதுங்கள். பதினொன்றாம் தேதி வெல்ஸ் காட்டில் ஒன்றும் காணாத அந்த நாளையும் அதே கவனத்தோடு ஏற்றுங்கள். தெளிந்த வானத்துக் கொண்டலுக்கும் மழையோடு வந்த கொண்டலுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த இரண்டு பட்டியல்களும் சேர்ந்துதான் காட்டும். ஒன்று மட்டும் எதையும் காட்டாது.

நாளை முற்பகல் வரை மழை நீடிக்கும் என்கிறார்கள். இறங்கியவை முனையிலிருந்து கரையோடு மேற்கே நகர்ந்து பர்னம் ஓவரி, வெல்ஸ் பக்கம் சேரும். நான் வெல்ஸ் பள்ளத்துப் பிர்ச் மரங்களடியில் இருப்பேன். ஞாயிறு முதல் காற்று மேற்குக்குத் திரும்புவதால், அதன் பிறகு புதர்களை விட்டுவிட்டு விடியலில் ஹன்ஸ்டன்டன் குன்றின் மேல் நின்று, எதிர்காற்றில் தாழப் பறந்து கடக்கும் சாஃபிஞ்சுகளையும் ஸ்டார்லிங்குகளையும் எண்ணலாம். வாஷ்_ஓதம் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. வருவதாக இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.

வாஷ்_ஓதம் — அக்டோபர் 18, காலை

ஞாயிறு ஏழு மணிக்கு ஹன்ஸ்டன்டன் கலங்கரை விளக்கத்தருகே இருப்பேன். எண்ணும் கருவி இரண்டு கொண்டுவருகிறேன்; தம்பி ஸ்டார்லிங்கை எடுத்துக்கொள்ளட்டும், சாஃபிஞ்சை நான் பார்த்துக்கொள்கிறேன்.